படுத்திருக்கும் எட்டு

தைசியா கொடுத்தனுப்பிய பையில்
பிளம் ஜாம் இரண்டு பாட்டில்,
சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை,
காலுறைக்குள் ஒரு பழைய சோர்க்கி கேமரா.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு:
'நடுவட்டத்தில் இரண்டாவது பிம்பம் தெரிவதேயில்லை.
உன் கை சின்னக் கை. பார்.'
பாலத்தில் சுங்கக்காரர்
ஜாமைத்தான் நெடுநேரம் சந்தேகித்தாராம்.

நார்வாவில் நான் பல் செய்கிறவள்,
பீங்கானில்.
கடுகளவுத் திருகுகள் எனக்குப் புதிதல்ல.
மேல்மூடியைக் கழற்றினேன்.
உள்ளே யாரோ எப்போதோ விட்ட ஒரு மயிரிழை,
அறுபது வருடத் தூசி,
தூசிக்கு நடுவே
சாய்வாய் நிற்கும் நகத்தளவுக் கண்ணாடி.

அதன் வேலை இதுதான்:
பாதி வெளிச்சத்தை விடும்,
பாதியைத் திருப்பும்.
இரு ஜன்னல் வழியே ஒரே ஆள் இரண்டாய்த் தெரிவார்.
லென்ஸைத் திருப்பத் திருப்ப
அவர் மேல் அவரே வந்து நிற்பார்.
நின்றால் தூரம் சரி.

பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.
இன்னும் கொஞ்சம்.
இன்னும் கொஞ்சம் என்றது என் தொழில் புத்தி.
பஞ்சில் பொன்னிறமாய் ஏதோ ஒட்டி வந்தது.
கண்ணாடி பளிச்சென்று ஆனது,
ஜன்னல் கண்ணாடியைப்போல,
எதையும் திருப்பாமல்.
அழுக்கென்று நான் எடுத்ததுதான்
அதன் பாதிக் கண்.

அன்றிரவு சாப்பிடவில்லை. ஜாம் மட்டும், கரண்டியால்.

கீழ்வீட்டு அர்வோ தன் காருக்கு ஒட்டியதுபோக
வெயில் மறைக்கும் தாள் மிச்சம் வைத்திருந்தார்.
மெல்லிய கண்ணாடிச் சில்லில் அதை ஒட்டி,
குமிழி வந்து, கிழித்து, மறுபடி ஒட்டி,
மூன்றாவதில் மின்விளக்கு இரண்டானது.
அசல் போல இல்லை.
பெரிய ஜன்னலில் பச்சைத் தாள் ஒன்றை வைத்தேன்.
ஒன்றைக் கொஞ்சம் மங்கவிட்டால்தான்
மற்றது தெரிகிறது.

மிச்சம் தூரம்.
லென்ஸ் வளையத்தின் கோடியில்
படுத்துக் கிடக்கிறது ஓர் எட்டு.
எட்டாததற்கெல்லாம் அதுதான் குறி.
அங்கே வைத்து, தொலைவில் எதையாவது பார்த்து,
முன்பக்கத் திருகைத் திருகவேண்டும்.
எங்கள் ஆற்றின் அகலம் கல்லெறி தூரம்.
அக்கரையில் நின்று தைசியா தும்மினால்
காற்று சரியாயிருந்தால் இங்கே கேட்கும்.
கேமராவுக்கு அதுவும் முடிவிலிதான்.

ஒரே தெருவில் பிறந்தோம்.
அவள் மத்வேயைக் கட்டிப் பாலம் தாண்டினாள்.
பிறகு பாலத்துக்கு
நாடு வந்தது, வரிசை வந்தது,
ராத்திரிப் பூட்டு வந்தது.

'சனிக்கிழமை நான்கு மணி,
கோட்டைக்குக் கீழே நில், சிவப்புக் குடையோடு.
உன்னை வைத்தே சரிசெய்கிறேன்' என்றேன்.
நின்றேன்.
நவம்பர் வெளிச்சம் கஞ்சித் தண்ணீராய் வடிந்துகொண்டிருந்தது.
அக்கரையில் குடை இல்லை.
தூண்டிலோடு ஒருவன் இருந்தான்,
என் வட்டத்துக்குள் இரண்டு பேராக.
வேறு வழியில்லை. அவனை எடுத்துக்கொண்டேன்.
ஒருவன் கொஞ்சம் உயர நின்றான்;
சின்ன ஜன்னலின் வளையத்தைத் திருகி இறக்கினேன்.
ஒருவன் வலப்பக்கம் விலகி நின்றான்;
திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று.
இரண்டு தூண்டிலும் நெருங்கி நெருங்கி
ஒன்றாகிற நேரம்
அவன் எழுந்தான், சுவர்ப்பக்கம் திரும்பினான்,
நிதானமாகச் சிறுநீர் கழித்தான்.
அவ்வளவு துல்லியமாக
அவன் முதுகை
அவன் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டாள்.

இரவு தைசியா தொலைபேசியில் கத்தினாள்.
நான்கிலிருந்து ஐந்துவரை நின்றேன்,
கால் மரத்துப்போச்சு, எங்கே போய்த் தொலைந்தாய்?
அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.
போன வாரம் எங்கள் கரையில்
கடிகாரத்தைத் திருப்பிவைத்தார்கள்.
அவர்கள் கரையில் இல்லை.
நான் என் நான்குக்கு வந்தேன்,
அவள் தன் ஐந்துக்குப் போனாள்.

கொஞ்சநேரம் இருவரும் பேசவில்லை.
'சரி, கேமரா?'
'ஆயிற்று. ஒரு மீன்பிடிக்கிறவன் மேல்.'
'யாரவன்?'
'தெரியாது. ஒருவன்தான்.'
'காலுறையை அனுப்பு, அது மத்வேயுடையது.'
குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டே
தேடிப் பார்க்கிறேன் என்றேன்.