கிருமி நீக்கம் செய்யப்பட்டது

புளியரைச் சோதனைச் சாவடியில்
செவ்வாய்தோறும் ரப்பர் முத்திரை காணாமல் போகிறது.
புதன் விடிந்தால் திரும்பிவிடுகிறது,
அதே மேஜை, அதே இழுப்பறை,
மை மட்டும் கொஞ்சம் குறைந்து.

கால்நடை ஆய்வாளர் சேவியர் தனிஸ்லாஸ்
போலீசுக்குப் போகவில்லை. என்னிடம் வந்தார்.
நான் தாட்சாயணி, வயது இருபத்துமூன்று.
பகலில் ஜெராக்ஸ், லேமினேஷன்.
இருட்டினால் சூனியம்.
போர்டில் முதலாவது மட்டும்தான் எழுதியிருக்கிறது,
ஆட்கள் வருவது இரண்டாவதுக்கு.

"குட்டிச்சாத்தானாக்கும்" என்றான்
ஆரியங்காவு சிப்ஸ் வியாபாரி பிஜுமோன்.
சாத்தான் கல்லெறியும், சோற்றில் முடி போடும்,
எடுத்ததைத் திருப்பி வைக்காது.
இது அரசாங்க ஆபீசுக்குப் பயந்த ஏதோ ஒன்று.
மேஜைக் கண்ணாடியில் ஊதா வட்டங்கள் வேறு.
டீ டம்ளர் கறை என்று நினைத்திருக்கிறார் சார்.

செவ்வாய் இரவு. சாரல்.
மருந்து தெளிக்கும் டிரம்முக்குப் பின்னால் நான்,
மடியில் மூன்று எலுமிச்சம்பழம், பிளாஸ்கில் கட்டஞ்சாயா.
இங்கே தொழிலில் ஒரு சிக்கல்:
எஸ் வளைவு வரைக்கும் மந்திரம் தமிழில் பிடிக்கும்,
தாண்டினால் மலையாளம் வேண்டும்.
எனக்குத் தெரிந்த மலையாளம்
பஸ் ஊர்ப்பெயர்களும் இரண்டு கெட்டவார்த்தையும்.

பன்னிரண்டரைக்கு இழுப்பறை திறந்தது.
லுங்கி. காதில் பென்சில். கால்கள் வழக்கம்போல இல்லை.
கையில் ஒரு தாள், அதாவது தாளின் ஆவி.
முத்திரையை வாயருகே வைத்து 'ஹா'வென்று ஊதி
ஓங்கிக் குத்தினான்.
தாளுக்குள் புகுந்து மேஜையில் விழுந்தது மை.
மறுபடி ஊதினான். மறுபடி மேஜை.

"பேரு?"
"கிளீனர் மாயக்கண்ணன்க்கா. நாமக்கல் முட்டை லோடு.
சீல் இல்லாம அந்தப் பக்கம் விடமாட்டாங்க."
எப்படிச் செத்தான் என்று கேட்டேன்.
அதைக் கையால் தள்ளிவிட்டு
"முட்டை உடைஞ்சிருச்சாக்கா?" என்றான்.

அவனுக்கு வேண்டிய வரிச்சாவடியையே
எடுத்து வருஷமாயிற்று.
இருப்பது கோழிச் சீக்குக்கான முத்திரை.
சொல்ல மனசு வரவில்லை.
என் உள்ளங்கையில் அழுத்திக் குத்தி
அவன் கையைப் பிடித்தேன்,
ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டைபோலக் குளிர்ந்தது.
பிடித்துக்கொண்டது மை.
எழுத்துதான் இடம்வலம் மாறிவிட்டது.
"அங்கே யாருடா தமிழ் படிக்கப் போறா, போ."

வளைவில் தயங்கி நின்றான்.
தெரிந்த மலையாளம் முழுவதையும் எடுத்துக் கத்தினேன்:
தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை, குண்டறை, கொல்லம்!
கெட்டவார்த்தை தேவைப்படவில்லை.

ஊதா போக ஒரு வாரம் ஆனது,
அதுவரை சோறு ஸ்பூனில்.
சேவியர் சார் முந்நூறு ரூபாய் தந்து ரசீது கேட்டார்.
'லேமினேஷன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய் ஜெராக்ஸ் கண்ணாடிமேல் ஒரு முட்டை,
கீறல்கூட இல்லை.
மூடியை மெதுவாக இறக்கி ஒரு காப்பி எடுத்துப் பார்த்தேன்.
வெள்ளைத் தாள்.