நான்காவது விசை

மேல்வரிசையில் நான்காவது விசையைத் தட்டினால்
ஒரு வாக்கியம் தானாக விழும்:
'கருப்பை, சூலகங்கள் இயல்பு.
குறிப்பிடத்தக்கதாக ஏதுமில்லை.'
பதினோரு வருடம் தட்டியதில்
அதன்மேல் இருந்த எண் அழிந்துவிட்டது.

புந்தா அரேனாஸ் ஆஸ்பத்திரி,
இரண்டாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை.
நாளுக்குப் பதினெட்டு வயிறு.
ஜெல்லைக் கொஞ்சம் சூடாக்கி வைத்திருப்பேன்.
என் கருணை அந்த அளவுக்குத்தான்.

இன்று படுத்திருப்பது நான்.
கருவி ஓரியெட்டாவின் கையில்.
திரையை என் பக்கம் திருப்பு என்றேன்.
சாம்பல், கருப்பு, மறுபடி சாம்பல்.
இன்னும் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம் கீழே,
அழுத்து, பரவாயில்லை, அழுத்து.
அங்கேதான் மாதாமாதம்
யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறார்கள்.
கழிப்பறைக் கதவில் நெற்றியை முட்டி
நாற்பதுவரை எண்ணுவேன்,
பிறகு ஒன்றிலிருந்து.
திரையில் துணியும் இல்லை, கையும் இல்லை.

"நல்ல செய்தி, யாஸ்னா"
என்றபடி அவள் விரல் நகர்ந்தது.
எந்த விசைக்கு என்று
நான் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

நல்ல செய்திக்கு அழுகிறவளை
என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.
எனக்கும் தெரிந்திருந்ததில்லை.

பத்தொன்பது வயதில், குடல்தான் காரணம், பாலை நிறுத்து என்றார்கள்.
இருபத்தாறில், ஒரு பிள்ளை பெற்றால் போய்விடும்.
பிள்ளைக்கு இப்போது ஏழு வயது.
சுடுநீர்ப்பை எந்த அலமாரியில் என்று
என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நான்கு வருடம் முன்னால் ரூமில்டா மன்சீயா வந்தாள்.
சென்டோயா நண்டு ஆலையில் நின்றே செய்யும் வேலை,
விரல்களெல்லாம் ஓடு கிழித்த கோடு.
எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.
ஜெல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
"அப்படியானால் இந்த வலி யாருடையது?"
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

வெளியே காற்று.
முனையில் நகராட்சி கயிறு கட்டியிருக்கிறது,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
காற்றைப் படமெடுத்துக் கொண்டுவா என்று
இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.
கயிறு கட்டிவிடுகிறார்கள்.
பிடித்துக்கொண்டு நின்றேன், பேருந்து போனபிறகும்.

சாந்தியாகோவில் ஒரு மருத்துவர், தொலைபேசியில்.
படத்தைப் பற்றிப் பேசவே இல்லை.
மலம் கழிக்கையில் வலிக்குமா?
கணவரோடு இருக்கையில்?
வலிக்கு முந்தின நாளே அது வருவது தெரியுமா?
மூன்று முறை ஆம் என்றேன்.
மூன்றாவது ஆம் உடைந்துவிட்டது.
"மேலாகப் படிந்தவை உங்கள் கருவிக்குச் சிக்காது,
அது உங்களுக்கே தெரியுமே" என்றார்.
தெரியும். பாடத்தில் இருந்தது.
பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

தொப்புளருகே சிறு துளையிட்டு உள்ளே பார்க்க வேண்டும்.
மூன்றரை மணி நேர விமானம்,
பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டாவது பெயர்.
இருந்தால் இருக்கிறது என்பார்,
இல்லாவிட்டாலும் தேடுவதை நிறுத்தமாட்டேன் என்றார்.
அந்த 'இல்லாவிட்டாலும்'
என்னோடு வீடுவரை வந்தது.

திங்கட்கிழமை முதல் ஆள் ஒரு பள்ளிக்கூடப் பெண்.
உதட்டைக் கடித்திருந்தாள்.
படம் சுத்தம்.
விரல் பழக்கத்தில் போனது, இழுத்துக்கொண்டேன்.
ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்:
'இந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியவில்லை.
நோயாளிக்குக் கடுமையான வலி. மேற்கொண்டு பார்க்கவும்.'
பத்தாவது நிமிடம் துறைத்தலைவர் அழைத்தார்:
வலி அளவீடு அல்ல, எடுத்துவிடு.
சரி என்றேன். எடுக்கவில்லை.

மதியம் பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
மன்சீயா, ரூமில்டா. கீழே என் கையெழுத்து.
எண்ணில் கடைசி இலக்கம் மங்கியிருக்கிறது,
மூன்றா, எட்டா.
மூன்றை அழைத்தேன், ஒரு கிழவர் எடுத்தார்.
இப்போது எட்டு.
மணி போய்க்கொண்டிருக்கிறது.