ஸ்டாக் இல்லை

ரைஸ்மில் தவிடு
கண்ணாடி அலமாரியில் தினமும் படியும்.
புதுவயலில் அதைத் துடைப்பதே பாதி வேலை.

"வலி மாத்திரை, ஒரு அட்டை."
யாருக்கு?
"அப்பாவுக்கு."

அவன் அப்பா போன ஆடியில் இறந்தார்.
மாலைக்குக் காசு போட்டதில் எங்கள் கடையும் உண்டு.
பத்தொன்பது வயசிருக்கும்.
இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை.

ஸ்டாக் இல்லை என்றேன்.
இழுப்பறையில் பதினோரு அட்டை இருந்தது.

வண்டி திரும்புவதற்குள்
கோட்டையூர் சாத்தையாவுக்குப் போன்,
பள்ளத்தூர் மெஹருன்னிசாவுக்குப் போன்,
கழனிவாசல் கடைக்கு வாட்ஸப்:
பச்சைச் சட்டை. சைலன்சர் இல்லாத வண்டி.
சீட்டில்லாமல் கேட்டால் இல்லைன்னு சொல்லுங்க.

எங்களுக்குள் சங்கம் கிங்கம் கிடையாது.
மெஹருன்னிசாவிடம்
அவள் தம்பியைப் பற்றி யாரும் கேட்பதில்லை,
அவ்வளவுதான்.

"வர்ற காசை விரட்டுறியே வள்ளிக்கண்ணு."
முதலாளிக்கு மாதம் நாலாயிரம் குறைகிறதாம்.
குறையட்டும்.

ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
அடியில் இரண்டு கால், ஒரு செருப்பு.
திட்டப்போகிறான்,
கல்லெடுத்தாலும் எடுப்பான் என்று
கையில் போனைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, மாத்திரை வேணாம்.
தூக்கமே வர மாட்டேங்குது."

தூக்கத்துக்கும் மாத்திரை இருக்கிறது என்னிடம்,
இடது பக்கம், இரண்டாவது தட்டில்.
அதுவும் ஸ்டாக் இல்லை.

ஷட்டரை மறுபடி மேலே தூக்கினேன்.
ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்தான்.
காரைக்குடி ஜி.ஹெச்.சில் காலையிலே டாக்டர் பார்ப்பார்,
எட்டு மணி பஸ்ஸில் நானும் வருவேன் என்றேன்.
பதில் இல்லை. எழுந்தும் போகவில்லை.

கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்:
லேட்டாகும்.
கடையில ஆள் இருக்கு.