வடக்குப் படியில் ஐஸ்

பல் சுத்தம் செய்வது என் வேலை.
ஐயோவாவின் வடமேற்கு மூலையில்,
சோளத்துக்கும் சோளத்துக்கும் நடுவே,
வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களிடம்
பத்தொன்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கொக்கி ஈறில் பட்டதும் ஒரு கெட்ட வார்த்தை வரும்.
உடனே, "மன்னிச்சுக்கோ ஆர்லிஸ், நீ சர்ச்சுக்குப் போறவ."
என் வீட்டுக்காரர் பழைய டிராக்டர் விற்றவர்.
எனக்குத் தெரியாத வார்த்தை
இந்த மாவட்டத்தில் இல்லை.
கோபப்பட்டால், நீயெல்லாம் கிறிஸ்தவளா என்பார்கள்.
படாவிட்டால், நடிக்கிறாள்.

சியாட்டிலில் தம்பி மகளோடு தங்கியிருக்கும் பெண்
தயங்கித் தயங்கிக் கேட்டாள்:
உங்க ஊர்ல டைனோசரை நம்புவீங்களா?
நம்புவேன் என்றேன்.
முகம் வாடிவிட்டது, பாவம்.
அவளுக்காக ஒன்றிரண்டையாவது மறுத்திருக்கலாம்.

பிப்ரவரி சபைக்கூட்டத்தைப் பற்றி
அவளிடம் சொல்லவில்லை.

முட்டைப் பண்ணையில் வேலை செய்யும் சோமாலியர்கள்
தொழுதுவந்த கடையின் கூரை பனிப்பாரத்தில் இறங்கிவிட்டது.
நோன்பு மாதம் முடியும்வரை, வெள்ளிக்கிழமைகளில்,
எங்கள் அடித்தளக் கூடம் கிடைக்குமா என்று ஒரு கடிதம்.
அழகான கையெழுத்து.

போதகர் களைகளின் கதையை எடுத்தார்:
கோதுமையோடு அதுவும் நிற்கட்டும், பிடுங்குவது நம் வேலை இல்லை.
டெல்வின் எழுந்தார்.
"சொன்னவர் தச்சர். எங்க வயல் காட்டுக்கீரையை அவர் பார்த்ததில்லை.
ஒரு வருஷம் விட்டா ஏழு வருஷம்."
எல்லோரும் சிரித்தோம், போதகரும்.
சிரித்து முடித்த பிறகுதான்
யாரைக் களை என்கிறோம் என்று உறைத்து
சிலர் தரையைப் பார்த்தோம்.

ஹெர்மினாவுக்குச் சகிப்பு என்ற சொல்லே ஆகாது.
"மருமகனைச் சகிக்கிறேன். மூட்டுவலியைச் சகிக்கிறேன்.
விருந்தாளிக்கு நாற்காலி போடணும், அவ்வளவுதான்."
அவர்கள் தரையில்தான் தொழுவார்கள் என்று யாரோ சொன்னார்கள்.
"அப்போ நாற்காலியை எடுக்கணும்."

ரீட்ஸ்மா வீட்டுப் பையனுக்குக் குரல் நடுங்கியது.
"உண்மைன்னு நம்புறதை மறைச்சுக்கிட்டு
சாவியை மட்டும் நீட்டுறது அன்பா, சோம்பலா?"
கண் சிவந்திருந்தது.
வெறுப்பு என்று அதை எழுத என் பேனா வராது.
சரி என்றும் வராது.

இதற்கிடையே பெப்பர்மின்ட் டப்பா
வழக்கம்போல் வரிசை வரிசையாக நகர்ந்தது.
இந்தப் பக்கத்தார் எடுத்து அந்தப் பக்கத்தாருக்குக் கொடுத்தார்கள்.
ஐம்பது வருடப் பழக்கம். கைக்குக் கட்சி தெரியாது.

ஊரையே வாய் திறக்கச் சொல்பவள்
அன்று என் வாயைத் திறக்கவில்லை.

சீட்டு எண்ணியது நான்.
வேண்டும், ஐம்பத்தெட்டு.
வேண்டாம், அறுபத்தொன்று.
திரும்ப எண்ணினேன். மூன்றாம் முறையும்.
வேண்டாம் என்ற ஒரு சீட்டின் அடியில், பொடி எழுத்தில்:
"ஒருவேளை அவர்கள் வந்தால், வடக்குப் படியில் ஐஸ் இருக்கிறது.
உப்பு போடவும்."

அவர்கள் வரவில்லை.
எந்தச் சபையிலும் இல்லாத பௌலிங் அரங்குக்காரர் இடம் கொடுத்தார்.
ஹெர்மினா சூரியன் இறங்கும் நேரம் பார்த்துப் பன் கொண்டுபோனாள்.
நானும் போனேன், ஒருமுறை.
வாடகை ஷூ அலமாரியில் தங்கள் செருப்புகளை
அளவு பார்த்து அடுக்கியிருந்தார்கள்.
ஒரே ஒருமுறைதான்.

நகரத்து நிருபர் ஒருவர் வந்து
இங்குள்ள கிறிஸ்தவர்கள் சகிப்பைப் பற்றி
என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார்.
நூற்றுப் பத்தொன்பது சீட்டில் எதைக் கேட்கிறீர்கள் என்றேன்.
அவர் நோட்டில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது.

ஏப்ரலில் டெல்வின் என் நாற்காலியில் சாய்ந்தார்.
படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்.
அதே பொடி எழுத்து, அதே வளைந்த வால்.
எனக்குச் சொல்ல நிறைய இருந்தது.
அவருக்கு வாய் நிறையப் பஞ்சு.
கொக்கியை ஈறில் வைத்து
வலிக்கிறதா என்றேன்.

கையை உயர்த்தினார். பாதியில் இறக்கினார்.
"பொறுத்துக்கலாம்."