சப்மிட், இன்னார் மனைவி

கனெக்டிகட் ஆற்றோரம், நகரமன்றத்து நிலவறை.
மூன்று நாளாய் ஒருத்தியைத் தேடுகிறேன்.
பெயர் சப்மிட். பணிந்திரு என்று பொருள்.
பெற்றவர்கள் பெயரிலேயே வேலையை முடித்துவிட்டார்கள்.

எல்நேதன் ட்ராலின் மனைவி.
பிறகு அவன் கைம்பெண்.
பிறகு வேறொருவனுக்கு இரண்டாம் தாரம்.
யார் மகள் என்று எந்த ஏட்டிலும் இல்லை.
மாடுகளுக்கு மட்டும் தனிப் பதிவேடு:
யார் வீட்டுப் பசுவின் காதில்
எந்த வெட்டு என்று, படத்தோடு.

ஆயிரத்து எழுநூற்று முப்பத்தொன்று, பாகப்பிரிவினை.
"வீட்டில் மூன்றிலொன்று, கிழக்கு அறை.
சமையலறை வழியே கிணற்றுக்குப் போய்வர உரிமை.
பித்தளைக் குண்டான் ஒன்று, ஓட்டையோடு."
ஓட்டையை எழுதியவன் யோக்கியன்.

கீழே அவள் கைநாட்டு.
எல்லாரும் போடும் பெருக்கல் குறி அல்ல.
ஓர் அரைப்பிறை,
அதன் வயிற்றில் ஒரு கீறல்.

மை சிந்தியதென்று நினைத்துத்
தாளை மூடப் போனவள்
மாட்டுப் பதிவேட்டைத் திரும்பக் கேட்டேன்.
குமாஸ்தா வாரன் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

பதினேழாம் பக்கம். ஒபதியா கீலர்.
இடக்காதில் அரைப்பிறை, நடுவில் கீறல்.

எழுத்து யாரும் சொல்லித்தரவில்லை அவளுக்கு.
விடியலில் பால் கறக்கையில்
கன்னத்தருகே அசைந்த காதைப்
படித்திருக்கிறாள்.

"இது சாட்சியம் ஆகாது, அம்மா" என்றார் வாரன்.
ஆகாதுதான்.

காரில் ஏறி, சாவியைத் திருகாமல்,
கண்ணாடியை என் பக்கம் சாய்த்து
முடியை ஒதுக்கிக்கொண்டு
இடக்காதைப் பார்த்தேன்.