நூறு ஹெர்ட்ஸ்

செவ்வாய் இரவு ஏழு மணி.
வார்சாவில், ஆற்றுக்கு இந்தக் கரையில்,
மூடிப்போன சாக்லேட் ஆலையின் மூன்றாம் மாடி.
டிராம் ஓட்டும் விட்டோல்ட் டிராம்போனோடு வருவார்,
பல் மருத்துவர் லுட்மிவா புல்லாங்குழலோடு,
கஸ்பர் கிதாரோடும் பாதி தின்ற ரொட்டியோடும்.

பலகையில் எழுதுவேன்:
டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர்.
மூன்றுக்கும் அதே ஏழு சுரம்தான்,
வீட்டின் எந்த அறையில் நிற்கிறீர்கள் என்பதுதான் வேறு.
கார்டின் முதல் சுரத்தை விட்டுத்தள்ளுங்கள்,
அதை பேஸ்காரன் பார்த்துக்கொள்வான்.
மூன்றாவதையும் ஏழாவதையும் பிடியுங்கள்.
எஃப் அங்கேயே நிற்கட்டும்,
சி மட்டும் அரைப்படி இறங்கி பி ஆகட்டும்.
பாருங்கள், ஒரு விரல் நகர்ந்ததில்
ஊரே மாறிவிட்டது.

இனி இட்டுக்கட்டுங்கள், என்பேன்.

இட்டுக்கட்டுவார்கள்.
ஸ்கேலில் ஏறி, இறங்கி, எங்கெங்கோ அலைந்து
கடைசியில் ஜி-யில் வந்து உட்காருவார்கள்.
எல்லோரும்.
எஃப் மேஜருக்கு மாற்றினாலும் ஜி.
ஈ ஃபிளாட்டிலும் ஜி, கேட்கத் தித்திப்பாய்.
இரண்டு வருடம் அதை
என் பாடத்தின் பலன் என்றே நினைத்திருந்தேன்.

பிப்ரவரியில் எலக்ட்ரீஷியன் வந்தார்.
கூரையின் எட்டு டியூப் லைட்டையும் கழற்றி
எல்இடி மாட்டிவிட்டுப் போனார்.
அன்று விட்டோல்ட் வாசிக்கத் தொடங்கினார்,
முடிக்கவில்லை.
பன்னிரண்டு பார், இருபத்துநான்கு, அறுபது,
பணிமனைக்கு வழி மறந்த டிராம் போலச் சுற்றிச் சுற்றி
முகம் சிவந்து, மூச்சு வாங்கி,
"எங்கே நிறுத்துவது?" என்றார்.

எனக்கு அப்போதுதான் எரிந்தது,
மெதுவாக, ரெண்டு தரம் மினுக்கிவிட்டு.
நூறு ஹெர்ட்ஸ். ஜி-க்குச் சற்று மேலே.
தலைக்கு மேலிருந்து அதுதான்
இத்தனை நாள் ஒத்து ஊதியிருக்கிறது.
இல்லை,
நாங்கள்தான் அதற்கு.

அடுத்து லுட்மிவா.
சி மேஜரில், எஃப் ஷார்ப்பில் போய் நின்றுவிட்டார்.
அங்கே நிற்கலாம் என்று நான் எழுதியதே இல்லை.
கஸ்பர் மெல்லுவதை நிறுத்தினான்.
சாக்பீஸை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

வீட்டில், கோட்டைக்கூடக் கழற்றாமல்
சமையலறையில் நின்றேன்.
ஃபிரிட்ஜ் பாடிக்கொண்டிருந்தது.
ஜி.
பிளக்கைப் பிடுங்கினேன்.
பால் ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும்,
மைனஸ் ஒன்பது.
சாக்ஸபோனை வாயில் வைத்துக்கொண்டு
வெகுநேரம்
ஊதாமல் இருந்தேன்.