கண்ணில் எப்போதாவது

நாலாம் பக்கத்தில் இருந்தது அந்தக் கேள்வி.
தாள் முழுக்கச் சிங்களம்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
கூட்டுகிற அண்ணன்தான் வாசித்துச் சொன்னார்:
"கண்ணுல எப்பயாச்சும் இரும்புத்தூள் பட்டிருக்கா?"
இல்லைன்னு போடுங்க என்றேன்.

எட்டு மாதம் காத்துக் கிடைத்த தேதி.
பொகவந்தலாவையில் பனி கொட்டும்போது பஸ் ஏறினேன்.
இடது கால் மரத்துப்போய்
செருப்பு கழன்றதே தெரியாமல்
கினிகத்தேனை வரை வந்துவிட்டேன்.
ஒரு "ஆமா" சொல்லி
அத்தனையையும் திருப்பிக் கொடுக்க
எனக்கென்ன பைத்தியமா?

மோதிரம் கழன்றது. பெல்ட், சாவி, மிச்சச் சில்லறை.
வெள்ளி அரைஞாணின் கொக்கி வர மறுத்தது,
குறடு கேட்டு நானே வெட்டினேன்.
கடைசியில் சட்டைப் பையில் மறந்திருந்த வாஷர் ஒன்று
டங்கென்று தட்டில் விழுந்தது.

இருபத்தொரு வருடம் ரோலர் அறைக்கு ஃபிட்டர்.
கிரைண்டரில் பொறி பறக்கும்.
கண்ணாடி கேட்டால்
"அடுத்த மாசம்" என்பார் டீமேக்கர்.
ஒரு மழைநாளில் வலது கண்ணில் வந்து விழுந்தது.
டிஸ்பென்சர் இமையைப் புரட்டி
பஞ்சால் ஒற்றி "வந்திருச்சு" என்றார்.
வந்ததை எனக்குக் காட்டவில்லை.

கதவுக்கு வெளியே நிறுத்தி
நெலுகா மிஸ் அரைகுறைத் தமிழில் சொன்னார்,
எங்கள் ஆட்களுக்காகவே பாடமாக்கியதுபோல:
உள்ளே சத்தம் பெரிசு. பயம் வேணாம்.
காதுக்கு அடைப்பு தருவேன்.
கையில ரப்பர் பந்து. முடியலன்னா அமுக்குங்க, வருவேன்.
மூச்சு விடலாம். முதுகு அசைய வேணாம்.
இருபத்தஞ்சு நிமிஷம்.
பிறகு, கதவில் கை வைத்தபடி:
"காந்தம் தூங்குறதில்ல ஐயா.
உள்ளுக்கு இரும்பு இருந்தா இழுக்கும்.
கண்ணுல ஒண்ணும் இல்லதானே?"

தட்டில் கிடந்த வாஷரைப் பார்த்தேன்.
"மிஸ், கொஞ்சம் நில்லுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன்.
சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.
எக்ஸ்ரே அறையில்
மேலே பார் ஒரு படம், கீழே பார் ஒரு படம்.
கறுப்புப் படத்தில், கண்குழிக்குள்,
டஸ்ட் நம்பர் ஒண்ணைவிடச் சின்னதாய்
வெள்ளையாய் ஒரு புள்ளி.

டாக்டர் வேறு ஸ்கேன் எழுதினார்.
சி.டி., அதில் காந்தம் இல்லை,
முதுகுக்கு அது போதுமா என்று பிறகு பார்ப்போம் என்றார்.
கண் டாக்டருக்கு இன்னொரு துண்டு.
இரண்டுக்கும் தேதி.
தாளை எடுத்து, நாலாம் பக்கத்தில்
அந்த "இல்லை"யை வெட்டி
என்னிடமே கையெழுத்து வாங்கினார் மிஸ்.

நாவலப்பிட்டியில் மழை பிடித்தது.
அறுந்த அரைஞாண் கைக்குட்டைக்குள்.
கிராஜுவிட்டிக் காசுக்கு
மூன்று வருடமாக ஆபிசுக்கு நடக்கிறேன்.
தோட்டம் தந்தது இதுவரை இந்தப் பொடி ஒன்றுதான்,
அதையும் கேட்காமலே தந்திருக்கிறது.

ரட்ணமாலா போன் எடுத்தாள்.
"என்னாங்க, முதுகுல என்னவாம்?"
"முதுகு இன்னும் பாக்கல. கண்ணுக்குள்ள பெக்டரி இருக்காம்."
"விளையாடாதீங்க" என்றாள்.
சிக்னல் போய்விட்டது.